இடம் மாறிய இதயம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் தம்பி வைத்திலிங்கம், அவன் மனைவி அகிலாண்டம், என் மருமகள் தேன்மொழி.

தம்பியின் இதயத்தை இயக்குவது தொலைவில் ஒரு நிறுவனத்தின் கணினித் தளத்தில், பெட்டி இல்லாமல் நிரலாகவே ஓடும் ஒரு மெய்நிகர் கணினி. அதைத் தாங்கிய தளத்தை அந்த வாரத்தோடு மூடவிருந்தார்கள். வேறு தளத்துக்கு மாற்றாவிட்டால் தம்பி இல்லை. மாற்றித் தரும், யாரும் படித்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளுக்கோ புதிய தளத்தைத் தெரியாது. தெரியவைக்கும் நிரலை மருமகள் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் பொதுவில் வைத்தாள்.

“நம் வீட்டு இதயத்தை ஊரார் பார்க்க விரித்து வைப்பதா?” என்றேன்.

“விரிச்சு வெச்சாத்தான் மாமா, தப்பு இருந்தா நாலு பேர் சொல்வாங்க.”

சொன்னார்கள். முகம் தெரியாத ஒருவர் ஒரு வரியைத் திருத்தியிருந்தார். அவள் எழுதியபடியே விட்டிருந்தால், மாறும்போது இதயம் ஒன்பது விநாடி நின்றிருக்கும்.

தேன்மொழி விசையைத் தட்டினாள். தம்பி காபியில் சர்க்கரை இல்லையென்று அகிலாண்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு முடிவதற்குள் அவன் இதயம் கடல் கடந்து குடியேறிவிட்டது. ஒரு துடிப்பும் தவறவில்லை.

“எப்பம்மா ஆரம்பிக்கப் போறே?” என்றான் தம்பி.

நான் எழுந்து நின்றேன். மாலைக்குள், மூடப்போகும் அதே தளத்தை நம்பியிருந்த மற்றவர்களின் முப்பதாயிரம் இதயங்களும் அவள் நிரலைக் கொண்டே இடம் மாறின.

எல்லாவற்றையும் எங்கள் மருமகளே எழுதினாள் என்று உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. ஒரு வரி எங்கள் வீட்டுடையது அல்ல.