வேறொருத்திக்குப் போட்ட வெள்ளை

அடுக்களை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. யாரோ நிறம் பிடிக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்த பெயிண்ட்டைப் பாதி விலைக்கு வாங்கி, பழுப்பேறிய அலமாரிகளின் மேல் நேற்று பூசிவிட்டான் ஆர்வில். இப்போது குந்தியிருந்து புதுக் கைப்பிடிகளைத் திருகுகிறான். ஹாமில்டன் நகரத்து ஏழாவது மாடி வெயில் ஒவ்வொரு கதவிலும் வழிகிறது. அவன் மனைவி மார்லீன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். "இருபத்தாறு வருஷமா கேட்டேனே, அப்ப இந்தக் கை எங்கய்யா போச்சு?" "அப்ப வீட்டை விக்கலையே. வாங்க வர்றவங்களுக்குப் பிடிச்சு இது வித்தாத்தானே முதியோர் குடியிருப்புல நமக்கு இடம்?" "வர்றவ அழகியோ?" "வாங்கினாப் போதும், மொட்டைத்தலையா இருந்தாலும் சரி." யாரோ ஒருத்தி இந்த வெளிச்சத்தில் நின்று காப்பி கலக்கப்போகிறாள் என்ற நினைப்பில் மார்லீனுக்கு வயிறு எரிகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வீடு பார்க்க ஆட்கள் வருவார்கள். வாசனைக்குப் பிஸ்கட் சுடுங்கள், வேறெதுவும் சமைக்காதீர்கள் என்று மாவைத் தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் தரகுக்காரி. தரகர் புத்தி அது, வீட்டை மூக்கு வழியாக விற்பது. மார்லீன் அந்தத் தட்டைத் தள்ளிவிட்டு, வாணலியில் வெங்காயத்தையும் மாட்டு ஈரலையும் போடுகிறாள். சுர்ரென்று எழும்பிய புகை வெள்ளைக் கதவுகளில் படிகிறது. ஆர்வில் பதறி ஜன்னலைத் திறக்க எழுகிறான். "தொடாத," என்கிறாள் அவள். "இங்க இத்தனை நாள் யாரு சமைச்சான்னு அவ தெரிஞ்சுக்கட்டும்."