சோதனைக் கிணறு

"தோல் கழிவைக் கொண்டாந்து புதைச்சு எங்க கிணறெல்லாம் நாறிப்போச்சு. பிளீச்சிங் பவுடர் நாத்தத்தோட வர்ற தண்ணி லாரியும் நேத்து வரல. இன்னாத்த சார் குடிக்கிறது?" காலிக் குடத்தோடு கத்தினாள் மோகனா.

இன்ஜினியர் அசரவில்லை. "குழிக்கு அடியில கனமான ஷீட் போட்டிருக்கோம்மா, சொட்டு கசியாது. கசிஞ்சா, பக்கத்துல இருக்கிற இந்த சோதனைக் கிணத்துலதான் மொதல்ல தெரியும்."

வாளியில் மொண்டு மடமடவென்று ஒரு டம்ளர் குடித்தார். "உப்புகூடக் கரிக்கல. நீயும் குடிச்சுப் பாரு!"

மோகனா ஒரு வாய் குடித்தாள். குப்பென்று மூக்கில் ஏறியது பவுடர் நாற்றம். குனிந்து பார்த்தாள். கிணற்றடி வரைக்கும் லாரி டயர் தடம், ஈரம்கூடக் காயவில்லை.

குடத்தை அவர் காலடியில் விட்டெறிந்தாள்.

"எங்க லாரித் தண்ணி நல்லாருக்கா சார்?"