சிவப்புத் திரைக்கு அடியில் ஒரு நாய்

இத்தாலியில் ஒரு மாளிகைச் சுவரில் ஒரு சீமாட்டியின் எண்ணெய் வண்ண ஓவியம் தொங்கியது. முதலில் அவள் காலடியில் ஒரு நாய் இருந்தது. நாயைக் கண்டாலே ஆகாத மருமகன் ஒருவன் பிறகு வந்தான். அவன் வேறொரு ஓவியனைக் கூப்பிட்டு, நாயின் மேல் சிவப்புத் திரை ஒன்றை வரையச் சொல்லிவிட்டான்.

"என் மூக்கு மேலேயே தொங்குறியே, வெட்கமா இல்லையா?" என்று நாய் தலைமுறை தலைமுறையாகத் திரையைத் திட்டியது. "அந்தக் காலத்துல அம்மா என்னையேதான் பார்த்துக்கிட்டிருப்பா. எல்லாம் உன்னால போச்சு."

"வரைஞ்சவனை விட்டுட்டு என்னைக் கடிக்கிறியே" என்று திரை சிரிக்கும். "சரி, அம்மாவைப் பத்திச் சொல்லு." நாயும் சொல்லும்.

ஒருநாள் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவர் வந்தார். பெயர்ந்த சிவப்புக்கு அடியில் ஒரு காது தெரியவே, பஞ்சை மருந்தில் நனைத்துத் திரையைத் துடைக்கத் தொடங்கினார்.

"போய்த் தொலை" என்றது நாய். திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சில் கரைந்து போனது.

வெளிச்சம் வந்ததும் நாய் ஆசையாகச் சீமாட்டியைப் பார்த்தது. அவள் எங்கோ வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வரைந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

நாயின் வால் நுனியில் மட்டும் நகத்தளவு சிவப்பு மிச்சமிருந்தது. அவர் புதுப் பஞ்சு எடுத்தார்.

"அதை விட்டுடுங்கய்யா" என்றது நாய். "என் வாலே அந்த நிறம்தான்."