கால் சொன்ன சாட்சி

அரசாங்கம் கொடுத்த செயற்கைக் காலைச் செண்பகவல்லி எப்போதும் ஒரு துண்டைப் போட்டு மூடியே வைத்திருப்பாள். அது தன்னை வேவு பார்க்கிறதென்று அவளுக்குச் சந்தேகம்.

சந்தேகம் வீண்போகவில்லை. மலேசியாவில் வேலைபார்க்கும் மகனைப் பார்த்துவிட்டுக் கோவில்பட்டி திரும்பியபோது அவளுடைய ஊனமுற்றோர் பென்ஷன் நின்றுபோயிருந்தது. அங்கே முருகன் கோயில் மலைப்படிகளை அவள் ஒரே மூச்சில் ஏறியதாகக் கால் தகவல் அனுப்பியிருந்தது.

ஏறியவன் மகன். அம்மாவை முதுகில் சுமந்து மலையேறுவதாக அவனுக்கு ஒரு நேர்த்திக்கடன்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு வந்தவள், அலுவலக வாசலில் செருப்போடு காலையும் கழற்றி வைத்தாள்.

"உள்ள வந்து இன்னும் என்னத்தச் சொல்லித் தொலைக்குமோ, சனியன்" என்று புருஷன் பரமசிவத்திடம் முணுமுணுத்துவிட்டு, கையூன்றித் தவழ்ந்து அதிகாரியின் மேசையடியில் போய் உட்கார்ந்தாள்.

அதிகாரி திரையைப் பார்த்தார். "செண்பகவல்லி வரலியா?"

"நாந்தான் சார். இந்தா, கீழ இருக்கேன்."

அவர் எட்டிப் பார்த்தார். "சரிம்மா. ஆனா உங்க கால் வாசல்லயே இருக்கு. அது வந்தாத்தான் நீங்க வந்ததா பதிவாகும்."

"இந்தா கொண்டாறேன் சார்" என்று ஓடிய பரமசிவம், அதே ஓட்டத்தில் காலை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினார்.

"ஐயோ, மெதுவாங்க!" என்று கத்தினாள் செண்பகவல்லி.

அதிகாரி தரையில் இருந்தவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். திரையைத்தான் நம்பினார்.

"ஓடியே வந்திருக்கீங்களேம்மா."