இடது செருப்பு

வெயில் கொளுத்தத் தொடங்கியதும் என் கணவர் காரில் ரேடியேட்டர் தண்ணீர், டயர் காற்று எல்லாம் சரிபார்த்துவிட்டு, எனக்கும் ஒரு விதி போட்டார். குழந்தையைப் பின்னால் குட்டி சீட்டில் உட்கார வைத்ததும், என் இடது செருப்பைக் கழற்றி அவள் பக்கத்தில் வைக்க வேண்டும். அவளை இறக்கிய பிறகுதான் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி; இடது காலுக்கு வேலை கிடையாது.

"பெத்த பிள்ளையையா மறந்துடுவேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

"வெயில்ல காருக்குள்ளயே பிள்ளையை மறந்துட்டுப் போனவங்களும் இப்படித்தான் சொல்லியிருப்பாங்க. கால் சுட்டா திரும்பிப் பார்ப்பல்ல?"

இன்று குழந்தையைக் காப்பகத்தில் விட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டேன். ஆபீஸ் வாசலில் இறங்கியதும் இடது பாதம் தாரில் பொசுங்கியது.

செருப்பு பின்சீட்டில் இருந்தது. பக்கத்தில் குட்டி சீட் காலியாக இருந்தது, ஆனால் பெல்ட் பூட்டியிருந்தது. பதறிப்போய்க் காப்பகத்துக்குப் போன் போட்டேன்.

"பாப்பா இங்கதான்க்கா விளையாடுறா. என்னாச்சு?"

செருப்பை மாட்டி, கதவைப் பூட்டி, நாலடி நடந்தேன். மறுபடியும் இடது கால் சுட்டது; செருப்பு திரும்பவும் பின்சீட்டில் இருந்தது.

காருக்குள் ஏறி ஏசியைப் போட்டேன். கணவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"வெயில்ல மண்டை காஞ்சுடுச்சா உனக்கு? பூட்டிட்டு மேல போ."

"இந்த வெயில்ல விட்டுட்டு எப்படிங்க போறது?"

"யாரை?"

நான் கண்ணாடியைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். காலி சீட்டில் பெல்ட் வேகவேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏசி குளிரக் குளிர, மெல்ல மெல்ல நிதானமானது.