டீ நேரத்து எடை

மின்விசிறிக் கம்பெனியின் ஸ்டோர்ஸ்காரர், வழக்கம்போலக் கையில் டீ டம்ளரோடு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ இல்லாமல் வேலை நின்றுபோய், ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

“நீங்க கேக்கவே வேணாம், நாங்களே பாத்து நிரப்பிடுவோம்னு வாய் கிழியப் பேசினீங்களேம்மா! அங்க உக்காந்து கொட்டாவி விடுறீங்களா?”

ஸ்க்ரூ அனுப்பும் கம்பெனியிலிருந்து ஓடி வந்திருந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க ஸ்க்ரூ பெட்டிக்கு அடியில தராசு வச்சிருக்கோம் சார். தினமும் டீ நேரத்துல அந்த எடையை எங்க ஆபீஸ்ல பாப்போம். குறைஞ்சிருந்தா உடனே சரக்கு அனுப்பிடுவோம். ஆனா ஒரு நாளும் குறையவே இல்லையே. இதோ போன்ல பாருங்க, இப்பக்கூட நிறைஞ்சிருக்குன்னுதான் காட்டுது.”

“அப்ப நான் புளுகுறேனா?”

“விடாதீங்கண்ணே!” என்று ஆட்கள் உசுப்பேற்றினார்கள்.

“உன் தராசைத் தூக்கிக் குப்பையில போடு! வா, உன் கண்ணாலயே பாரு!”

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். இதுவரை தான் உட்கார்ந்திருந்த பெட்டியின் மூடியைப் படாரென்று திறந்தார். உள்ளே ஒரு ஸ்க்ரூகூட இல்லை.

அவள் கையிலிருந்த போன் கூவியது.

“இப்பக் காலின்னு காட்டுது சார்,” என்றாள் மெதுவாக.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க சார்.”

அன்று முழுக்க அவர் நின்றுகொண்டேதான் இருந்தார்.