இரண்டு சீட் வண்டி

"ஐயையோ, குழந்தை விழுந்துடுச்சு!"

கடையில் யாரோ ஒரு அம்மா போட்ட அலறலில் பால் பாட்டில் ரேக்கே ஆடிப்போனது.

விழுந்தது குழந்தை இல்லை. பொம்மை. கைக்குழந்தை படுக்கும் இடத்தில் கடைக்காரர்கள் படுக்கவைத்திருந்த பிளாஸ்டிக் பொம்மை. குழந்தை வண்டி திரும்பிய வேகத்தில் பறந்துபோய் டயப்பர் மூட்டைகளுக்கு நடுவே தலைகீழாகக் கிடந்தது.

முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த நிஜக் குழந்தைக்கு, அதாவது மூத்தவளுக்கு, சந்தோஷம் தாங்கவில்லை.

"மாமா! பாப்பாவை இன்னொரு தடவ போடு!"

அந்த மாமாவுக்கு வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. வாயை மூடவே மாட்டான். வலது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, இடது கையால் மட்டும் அந்த இரண்டு சீட் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"இதுவும் டப்பா. அடுத்ததை எடுங்க பாஸ்."

"சார், ரெண்டு கையாலயும் பிடிச்சாதான் நேரா போகும் சார்," என்று சேல்ஸ்மேன் கெஞ்சினான்.

"எல்லாரும் ரெண்டு கையையும் இதுக்கே குடுத்துட முடியுமா பாஸ்? அடுத்தது!"

ஓரமாக நின்ற டிரைவருக்குக் காது சிவந்தது.

டிரைவர்தான் இரண்டு குழந்தைகளுக்கும் அப்பா. ரேடியோவுக்கு அத்தான். பஸ் ஓட்டினவர். டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி வலது கை நசுங்கியதிலிருந்து விரல்கள் மடங்குவதில்லை. இப்போது டிப்போ ஸ்டோரில் நட்டு போல்ட்டுக்குக் காவல். வீட்டை விட்டு இறங்கினால் போதும், அந்தக் கை பாக்கெட்டுக்குள் போய்விடும்.

மூத்தவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதையும் நிறுத்திவிட்டார். பழைய வண்டி ஒரு கையில் கோணிக்கொண்டே போனது. பார்க்கிறவர்கள் எல்லாம் "நான் தள்ளட்டுமா?" என்று ஓடி வந்தார்கள். அதுதான் அவருக்கு ஆகவே ஆகாது.

ரேடியோவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. யாரைப் பார்த்தாலும் அப்படியே செய்து காட்டுவான். பெரியப்பாவின் குறட்டை, வீட்டுக்காரரின் நடை, எதையும் விட்டுவைத்ததில்லை.

இன்றைக்கு யாரைச் செய்து காட்டுகிறான் என்று டிரைவருக்குத் தெரியாதா என்ன?

"கையை வெளிய எடுடா!" கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா பல்லைக் கடித்தாள்.

"முடியாதுக்கா."

"அத்தான் பாக்குறாருடா, எருமை!"

"பாக்கட்டும். பாக்கத்தானே கூட்டிட்டு வந்தோம்?"

அடுத்த வண்டியில் இரண்டு சீட்டும் பக்கத்துப் பக்கத்தில். அகலத்தில் சோபா தோற்றது. லிப்ட் கதவில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. லிப்டுக்குள் சிக்கிக்கொண்ட பெரியவர் மூத்தவளைப் பார்த்து, "எந்த மாடிக்கும்மா போகணும்?" என்றார்.

"எல்லா மாடிக்கும்!"

அதற்கடுத்த வண்டி ஒழுங்காக நின்றது. ஆனால் கிளம்பமாட்டேன் என்றது. பிரேக்கை எடுக்க இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டுமாம். ரேடியோ முழங்கையால் இடித்தான். முட்டியால் இடித்தான். கடைசியில் குனிந்து பல்லால் கடிக்கப் போனான். கடையே சிரித்தது. பாக்கெட்டில் இருந்த கை மட்டும் வெளியே வரவே இல்லை.

டிரைவர் சிரிக்கவில்லை.

"கிளம்பு," என்றார் மனைவியிடம். "வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன் தம்பி அடிக்கிற கூத்தைப் பாக்கவா நான் வந்தேன்?"

"அத்தான், ஒரே நிமிஷம்!"

ரேடியோ இன்னொரு வண்டியோடு வந்தான். இது ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட். சடாரென்று திருப்பினான். பொம்மை அசையவில்லை. டயப்பர் மூட்டைகளைச் சுற்றி, லைசென்ஸ் வாங்கப் போகிறவன் மாதிரி எட்டு போட்டான். கட்டைவிரலால் ஒரு தட்டு, நின்றது. இன்னொரு தட்டு, கிளம்பியது.

நேராகக் கொண்டுவந்து டிரைவர் முன்னால் நிறுத்தினான். மூச்சு வாங்கியது.

"இதுதான் அத்தான். ஒத்தக் கைக்கு வளையுது, ஒத்தக் கைக்கு நிக்குது. மத்ததெல்லாம் ரெண்டு கை கேக்குது. நாளையிலருந்து பூங்கா ரூட் உங்க டியூட்டி."

டிரைவர் குனிந்து கைப்பிடியிலிருந்த பிரேக்கைப் பார்த்தார்.

"இதை வீட்டுலயே சொல்லித் தொலைச்சா என்னடா?" என்றாள் அக்கா.

"சொல்லியிருந்தா அத்தான் கடைக்கு வந்திருப்பாரா?"

 மூத்தவளுக்குப் பொறுமை இல்லை. சீட்டின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினாள்.

"அப்பா! ரைட், ரைட்!"

டிரைவர் இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார். மெல்லத் தள்ளினார். வண்டி நேராகப் போனது. அப்புறம் அவ்வளவு மெல்லத் தள்ளவில்லை.

பால் பாட்டில் ரேக் முனை வந்தது. வலது பக்கம் திரும்ப வேண்டும்.

வலது கை பாக்கெட்டை விட்டு வெளியே வந்தது. பஸ் ஜன்னல் வழியே நீட்டுகிற மாதிரி, கடையே பார்க்க, விறைப்பாக நீண்டது. சிக்னல் காட்ட விரல் எதற்கு மடங்க வேண்டும்?

"சார், மெதுவா! ரெண்டு கையாலயும் பிடிங்க சார்!" சேல்ஸ்மேன் பின்னாலேயே ஓடினான்.

டிரைவர் பிடிக்கவில்லை. மெதுவாகவும் போகவில்லை.